விட்டுவிட்ட கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குக் கிளம்பும் பிள்ளையிடம் நம்மூர் ஆசிரியர்கள் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "எந்தக் கேள்வியையும் விட்டுடாதே. தெரியலைன்னாலும் ஏதாவது எழுதிட்டு வா." அதே பிள்ளை மே மாதம் நீட் எழுதப் போகும்போது பயிற்சி மையத்தில் கேட்பது நேரெதிரான உபதேசம்: "தெரியாததைத் தொடாதே. விட்டுட்டு அடுத்ததுக்குப் போ." மார்ச்சில் ஒரு நீதி, மே மாதத்தில் ஒரு நீதி. இயற்பியல் ஆசிரியராக வேலை பார்த்த காலமெல்லாம் முதலாவதைச் சொன்னேன். ஓய்வு பெற்றபின் தெருப்பிள்ளைகள் நீட் சந்தேகங்களோடு வீட்டுக்கு வரத் தொடங்கியதும் இரண்டாவதையும் சொல்லப் பழகிக்கொண்டேன். இரண்டையும் சொன்ன வாய்க்கு இப்போது ஒரு சந்தேகம். தனக்குத் தெரியாத ஒன்றிடம் மனிதன் எப்படித்தான் நடந்துகொள்வது?

நுழைவுத் தேர்வைத் திட்டித் தீர்ப்பது எளிது. அது கற்றுத்தரும் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதைய நீட்டில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். பாதிக் கேள்விகள் உயிரியல். மீதியை இயற்பியலும் வேதியியலும் பங்கிட்டுக்கொள்கின்றன. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும், தொடாமல் விட்டால் ஒன்றுமில்லை. ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைப் பேனாவால் நிரப்புவதால் அழித்துத் திருத்தவும் வழியில்லை. ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் பார்த்தவுடன் மூன்று கூறாகப் பிரிக்கப் பிள்ளைகள் பழகுகிறார்கள்: தெரியும், சந்தேகம், தெரியாது. முதல் சுற்றில் தெரிந்தவை, அடுத்த சுற்றில் சந்தேகமானவை, நேரம் மிஞ்சினால் மற்றவை. உயிரியலை வேகமாக முடித்து, மிச்சம் பிடித்த நிமிடங்களை இயற்பியலுக்குக் கொடுக்கிறார்கள்.

தன் அறிவின் எல்லையை ஒரு நிமிடத்துக்குள் கண்டுகொள்ளும் இந்தப் பழக்கம் பெரியவர்களில் பலருக்கே கிடையாது. எந்த ஊரிலாவது இறங்கி ஒரு முகவரி கேட்டுப் பாருங்கள். "தெரியாதுங்க" என்று சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது. "நேராப் போய் லெஃப்ட்ல திரும்புங்க" என்று அனுப்பிவைப்பார்கள். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற நல்ல மனசுதான். நடந்து களைப்பது என்னவோ கேட்டவர். பொதுத்தேர்வில் "ஏதாவது எழுதிட்டு வா" என்று வளர்த்ததன் நீட்சி அது. பதினெட்டு வயதில் ஒரு பெண், "இது எனக்குத் தெரியாது" என்று பதற்றமில்லாமல் முடிவெடுத்து அடுத்த கேள்விக்கு நகர்கிறாள் என்றால், அது சின்ன விஷயமல்ல.

ஆனால் இந்தத் தேர்வின் கணக்கு அந்த நேர்மைக்கு முழுத் துணையாக நிற்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் தேர நான்கு விடைகள் என்பதால், நான்கு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறும். 4 வரும், 3 போகும். அதாவது ஒன்றும் தெரியாதவனுக்கும் 1 மிச்சம். அமெரிக்காவின் சாட் தேர்வில் முன்பு ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர வேண்டும். தவறுக்குக் கால் மதிப்பெண் போகும். அங்கே குருட்டு ஊகத்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 2016இல் அந்தக் கழிவையே எடுத்துவிட்டார்கள். நம் தேர்வோ ஊகிக்கிறவனை மிரட்டிவிட்டு, பின்வாசல் வழியாகக் கொஞ்சம் கூலியும் கொடுக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 150 கேள்விகளுக்குச் சரியாக விடையளித்து, தெரியாத 30ஐத் தொடாமல் விட்டவளுக்கு 600. எல்லாவற்றையும் குறித்து, 156 சரியாகி 24 தவறியவளுக்கும் 600. மதிப்பெண் பட்டியலில் இருவரும் ஒன்று. சமீப ஆண்டுகளின் விதிப்படி, சம மதிப்பெண் வந்தால் முதலில் உயிரியல், பிறகு வேதியியல், பிறகு இயற்பியல் என்று பார்ப்பார்கள். அவையும் சமமென்றால்தான், சரியான விடைகளோடு ஒப்பிடத் தவறான விடைகள் யாருக்குக் குறைவு என்று பார்க்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று விட்ட நேர்மைக்கு இந்தத் தேர்வில் ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வரிசையின் கடைசிப் பகுதியில்.

வினாத்தாளிலேயே பிழை என்று ஆனபோது என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2018இல் நீட் தமிழ் வினாத்தாளின் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன என்று வழக்குப் போனது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் கூட்டித் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எல்லோருக்கும் மொத்தமாகக் கூட்டிக்கொடுப்பது சரியான தீர்வுதானா என்பது விவாதத்துக்கு உரியதுதான். ஆனால் கேள்வி புரியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை அந்த ஒரு நிமிடத்தில் என்ன நினைத்திருக்கும்? "கேள்வி தப்பு" என்று நினைத்திருக்காது. "எனக்குத்தான் தெரியலை" என்றே நினைத்திருக்கும். மாணவனின் பிழைக்கு உடனே ஒரு மதிப்பெண் போகிறது. வினாத்தாளின் பிழைக்கு அப்படி எதுவும் போவதில்லை.

"தெரியாது" என்று சொல்வதற்கும் வசதி வேண்டியிருக்கிறது என்பது இதன் இன்னொரு முகம். கையில் பணமுள்ள வீட்டில், இந்த வருடம் விட்ட கேள்விகளை அடுத்த வருடம் பிடித்துக்கொள்ளலாம். ரிப்பீட்டர் பேட்சில் சேர்த்துவிடுவார்கள். கூலிக்குப் போகும் வீட்டில் ஒரு வருடம் என்பது ஒருவரின் சம்பாத்தியம். 2020இல் தமிழக அரசு, நீட்டில் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவந்ததன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. ஒரே வட்டத்தை நிரப்பாமல் விட்ட இரண்டு பிள்ளைகள் ஒரே காரணத்தால் விட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

இவ்வளவும் தேர்வைப் பற்றியது. என்னை அதிகம் யோசிக்கவைப்பது, விட்ட கேள்விக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பது. எங்கள் தெருவில் ஒரு பெண் இரண்டாம் முறையாகத் தயாராகிக்கொண்டிருந்தாள். என்சிஇஆர்டி புத்தகத்தை வரிவரியாகச் சொல்வாள். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது மின்விசிறியைத் துடைத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் வந்து, "சார், அவ்ளோ வேகமா சுத்துற ஃபேன்ல தூசி எப்படி சார் ஒட்டுது? பறந்துதானே போகணும்?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "தெரியலைம்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். "உங்களுக்குமா சார்?" என்று சிரித்தவள், அடுத்த நொடியே, "சரி விடுங்க சார், இது எப்படியும் கேக்க மாட்டாங்க" என்று மாக் டெஸ்ட் தாளை விரித்தாள்.

மறுநாள் அவளுடைய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தையே வாங்கித் திறந்தேன். பாகுநிலை பற்றிய பகுதியில் பதில் இருந்தது: பாய்மம் ஒரு பரப்பைத் தொடும் இடத்தில், அந்தப் பரப்பின் வேகமே பாய்மத்துக்கும். இறக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய காற்றுப் படலம் இறக்கையோடு சேர்ந்தே சுற்றுகிறது. அங்கே ஒட்டிய நுண்ணிய தூசியைப் பொறுத்தவரை, தள்ளிவிடும் காற்றே அநேகமாக இல்லை. அந்த வரியின் கீழே மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டிருந்தது அவள்தான். அந்தப் பாடத்தில் அவள் எந்தக் கேள்வியையும் தவறவிட்டதில்லை. காட்டியபோது வெகுநேரம் வரியையும் விசிறியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாக் டெஸ்ட் தாமதமாகத்தான் தொடங்கியது.

தெரியாததை எழுதி மறைப்பது ஒன்று. தெரியாததை விட்டு நகர்வது இரண்டு. தெரியாததைக் கூடவே வைத்துக்கொண்டு, பதில் வரும்வரை புரட்டிப் பார்ப்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் நம்மிடம் தேர்வுகள் இருக்கின்றன. மூன்றாவதற்கு ஓஎம்ஆர் தாளில் வட்டம் போட முடியாது. மூன்று மணி நேரத்தில் அதை அளக்கவும் முடியாது. அதற்காகத் தேர்வைக் குறைசொல்லவில்லை. லட்சக்கணக்கானவர்களை ஒரே நாளில் வரிசைப்படுத்தும் ஏற்பாட்டிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆனால் இந்தத் தேர்வு தேர்ந்தெடுப்பது மருத்துவர்களை. நோயாளிக்கு முன்னால் வாய்க்கு வந்ததைச் சொல்லும் மருத்துவர் ஆபத்தானவர். "எனக்குத் தெரியலை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பவர் நேர்மையானவர். "தெரியலை, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி, ராத்திரி புத்தகத்தைத் திறக்கிறவரிடம்தான் நான் என் குடும்பத்தை அழைத்துப் போவேன்.

அந்தப் பழக்கத்தைப் பள்ளியும் வீடும்தான் கொடுத்தாக வேண்டும். தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் எல்லோரும் கேட்பது, "எத்தனை அட்டெண்ட் பண்ணினே, எத்தனை கரெக்டா வரும்?" என்பதுதான். அதைக் கேட்க ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனவே நான் சில நாள் பொறுத்து, அவர்கள் சாப்பிட்டுத் தூங்கித் தெளிந்தபிறகு, "விட்டதுல எந்தக் கேள்வி நல்லா இருந்தது?" என்று கேட்கிறேன். பலருக்குக் கோபம் வருகிறது. வரவேண்டியதுதான், விட்ட ஒவ்வொன்றும் அவர்களுக்கு ரேங்க். ஆனால் யாராவது ஒருவர் யோசித்து ஒரு கேள்வியைச் சொல்லிவிட்டால், அதை மதிப்பெண் இல்லாமல், கடிகாரம் இல்லாமல் சேர்ந்து போட்டுப் பார்க்கிறோம். சீட்டு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்களுக்கு அந்த வருடப் படிப்பு முழுமையடைவது அப்போதுதான் என்பது என் கணக்கு.