வேகமும் உயிரும்

எஃப்-ஜீரோ எக்ஸ் என்ற வீடியோ விளையாட்டை இருபத்தைந்து வருஷம் கழித்து மறுபடி ஆடினேன். நிண்டெண்டோ 64 கருவிக்காக 1998இல் வந்தது. எதிர்காலத்துப் பந்தயம். சக்கரமில்லாத முப்பது வாகனங்கள் தரையைத் தொடாமல் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாய்கின்றன. இதைப் பற்றி இங்கே எழுத மன்னிப்புக் கேட்க வேண்டுமோ என்று முதலில் தயங்கினேன். கேளிக்கைச் சாதனம் எழுப்புகிறது என்பதற்காக ஒரு கேள்வி கேளிக்கை ஆகிவிடாது.

இன்று பார்க்கையில் முதலில் உறைப்பது அதன் வறுமை. பாதையோரத்தில் அநேகமாக ஒன்றுமில்லை. ஆகாயத்தில் தொங்கும் ஒரு சாலை, அவ்வளவுதான். வந்த புதிதிலேயே இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் இது தெரிந்தே செய்த தேர்வு. முப்பது வாகனங்களையும் விநாடிக்கு 60 பிம்பங்கள் என்ற கணக்குக் குலையாமல் காட்ட வேண்டுமானால் அந்தக் கருவியின் சக்தியில் வேறெதற்கும் மிச்சமிராது. வேகத்துக்காக உலகத்தைக் கழித்துவிட்டார்கள். கழித்ததை மறைக்கவுமில்லை. நேர்மையான காரியம் என்றே எனக்குப் படுகிறது.

விஷயம் வேறிடத்தில் இருக்கிறது. 1990இல் வந்த முதல் எஃப்-ஜீரோவில், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு பாய்ச்சல் இனாமாகக் கிடைக்கும். எக்ஸில் இனாம் இல்லை. இரண்டாம் சுற்றிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் பாயலாம். ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலும் வாகனத்தின் ஆற்றல் கோட்டைக் குறைக்கும். சுவரில் மோதினாலும் பிறர் இடித்தாலும் குறைவது அதே கோடுதான். வேகத்துக்கும் உயிருக்கும் ஒரே கையிருப்பு. மூன்றாம் சுற்றில் கோட்டைக் கடைசி வரை எரித்துவிட்டு, இனி ஒரு உரசல் என்றால் வெடிப்பு என்ற நிலையில் வளைவுகளைக் கடப்பதில்தான் ஆட்டத்தின் உக்கிரமே இருக்கிறது.

அந்த வயதில் இது எனக்கு விளையாட்டாக அல்ல, ஒரு தத்துவமாகவே தெரிந்தது. இரவு பகல் பாராமல் வேலை, படிப்பு, எழுத்து, விவாதம். யாராவது உடம்பைப் பார்த்துக்கொள் என்றால், என் உயிர், நான் எரிக்கிறேன், உனக்கென்ன என்பேன். தன்னை எரித்துக்கொள்வதில் ஒரு கண்ணியம் இருப்பதாக நினைத்தேன். (எங்கள் கூட்டத்தில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். சிலர் அப்படியே செத்தும் போனார்கள்.)

இப்போது ஆடும்போது கண்ணில் பட்டது, அன்று பொருட்படுத்தாத ஒன்று. பாதையில் ஓரிடத்தில் நிறம் மாறிய பட்டை ஒன்று வரும். அதன்மேல் போனால் கோடு மறுபடி நிரம்பும். யார் போட்ட பட்டை, எதிலிருந்து நிரம்புகிறது என்று ஆட்டத்தில் கேள்வியே இல்லை. அங்கே கேட்கத் தேவையுமில்லை. அது யாருடைய உயிருமல்ல.

என் வீட்டில் அது அக்காவுடையது. நடுநிசி தாண்டி வருவேன். மூடிவைத்த தட்டு இருக்கும், காலையில் துவைத்த சட்டை இருக்கும். அக்கா அப்போது மாலைக் கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. யார் என்பது எங்களுக்குள் ஒரு பேச்சாகக்கூட எழவில்லை. என் உயிர் என்று நான் சொன்ன கணக்கில் பாதி அவளுடையது. எரித்தது தப்பா என்பதைவிட, எரித்தது என்னுடையதுதானா என்று ஒரு தரமும் கேட்டுக்கொள்ளாததுதான் உறுத்துகிறது. அவள் மனமுவந்து தந்தாள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு அது பதிலாகவில்லை.

சைலன்ஸ் என்று ஒரு தடம் உண்டு. அதில் கோடு பாதிக்குக் கீழே போகாமல் ஓட்டிப் பார்த்தேன். பதினேழாவதாக வந்தேன். விரல்களும் பழைய விரல்கள் அல்ல.

ராத்திரி அக்காவுக்குப் போன் செய்தேன். எதற்கோ கூப்பிட்டவன் இந்த விளையாட்டைப் பற்றித்தான் சொன்னேன்.

“அந்தப் பெட்டியா?” என்றாள். “இன்னுமா ஓடுது?”