ஒரே மழை, இரண்டு நீர்நிலைகள்

பறவை பார்க்கப் புறப்படுவோர் மழை என்ற சொல் காதில் விழுந்ததும் பயணத்தைத் தள்ளிவைப்பது வழக்கம் என்றாலும், சென்னையிலிருந்து வேடந்தாங்கல் வழியாகக் கோடியக்கரை வரை செல்லும் சாலையைப் பொறுத்தவரை அவ்வழக்கம் பாதி அளவே சரியானது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. வங்கக் கடலில் தோன்றும் ஓரிரு தாழ்வு மண்டலங்கள் சில நாள்களில் கொட்டித் தீர்ப்பதும், பின்னர் வாரக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடப்பதும் அதன் இயல்பு.

வேடந்தாங்கல் ஒரு சிறிய பாசன ஏரி. அங்கு வரும் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, கூழைக்கடா ஆகியவை நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டுவதற்குக் காரணம், அடிமரத்தைச் சூழ்ந்த நீர் பூனை, கீரி போன்றவற்றை அண்டவிடாத அகழியாக அமைவதே ஆகும். ஆகவே மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகள் குறைந்துவிடுகின்றன. கூடுகளிலிருந்து விழும் எச்சம் ஏரி நீரை உரமாக்கி வயலுக்கு அனுப்புவதை உணர்ந்த ஊரார், பறவைகளைச் சுடக் கூடாதென்று 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் கவுல், அதாவது எழுத்து வடிவிலான உறுதிமொழி, பெற்றனர். பறவைப் பாதுகாப்பு படித்தவர்களின் பொழுதுபோக்காகப் பிறந்தது என்று கருதுவோர் இந்த ஏரிக்கரையில் சற்று நின்று செல்லலாம்.

தெற்கே கோடியக்கரையில் இதே மழை வேறு கணக்குப் போடுகிறது. 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட அப்பகுதியை ஒட்டிய வேதாரணியம் சதுப்பு நிலத்துக்கு, பருவந்தோறும் இடம்பெயர்வதாகிய வலசையை மேற்கொண்டு வடதுருவத்தை அடுத்த நாடுகளிலிருந்து வரும் உள்ளான் இனங்கள், கூடு கட்ட வருவதில்லை. ஈரச் சேற்றில் அலகை நுழைத்துப் புழுக்களையும் சிற்றுயிர்களையும் தின்று குளிர்காலத்தைக் கழிக்கவே வருகின்றன. ஒரு சாணுக்கும் குறைவான நீளமுள்ள கொசு உள்ளானுக்கு விரல் ஆழ நீரே எல்லை. பெருமழையில் சேறு மூழ்கினால் அதன் உணவுத் தட்டும் மூழ்கிவிடும். அதே நீரில் நெடுங்கால் பூநாரை தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடிகட்டி, நிதானமாக மேய்ந்துகொண்டிருக்கும்.

எனவே இச்சாலையில் செல்வோர் வானிலைச் செய்தியைப் போகலாமா, கூடாதா என்பதற்காக மட்டுமன்றி, எங்கே முதலில் நிற்பது என்பதற்காகவும் கேட்பது நல்லது. புயல் எச்சரிக்கை மட்டும் இக்கணக்கில் சேராது; 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையில்தான். மற்றபடி, ஏரி நிறைந்த டிசம்பரில் வேடந்தாங்கலின் கூடுகளுக்கு முன்னுரிமை தந்து, கோடியக்கரையைச் சில வாரங்கள் தள்ளிவைப்பதே பொருத்தம். ஜனவரி வெயிலில் சதுப்பு நீர் மெல்லப் பின்வாங்கப் பின்வாங்க, புதிதாக வெளிப்படும் சேற்றின் விளிம்பை ஒட்டியே கொசு உள்ளான்கள் கூட்டமாக ஓடி ஓடிக் கொத்துகின்றன.