அடியாரின் பிறப்பை ஆராயலாமா?



புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நமது ஆலயத்தில் திவ்வியப் பிரபந்தம் ஓதப்படும்போது நாம் கைகூப்பி நின்று கேட்கின்றோம். அப்பாசுரங்களைப் பாடியவர்கள் எக்குலத்தவர் என்று அந்நேரத்தில் நம்மில் எவரும் கேட்பதில்லை. ஆனால் பூசை முடிந்து அன்னதானப் பந்தியில் அமர்ந்ததும், பக்கத்தில் இருக்கும் புதியவரிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி, "ஊரில் எவ்விடம்?" என்பதாகும். அவர் ஊரைச் சொன்னவுடன், "அங்கே எந்தப் பக்கம்?" என்ற அடுத்த கேள்வி வருகின்றது. ஊர்ப்பாசத்தால் கேட்பவர்களும் உண்டு. எனினும் பல வேளைகளில் அக்கேள்வி எதை அறியக் கேட்கப்படுகின்றது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

அடியாரின் பிறப்பை ஆராய்வது சரியா? நாம் போற்றும் வைணவ மரபே இதற்கு என்ன விடை தருகின்றது என்று சற்றுச் சிந்திப்போம்.

பன்னிரு ஆழ்வார்களுள் தலையாயவராகப் போற்றப்படும் நம்மாழ்வார் வேளாளர் குலத்தில் தோன்றியவர். வயதில் மூத்த அந்தணரான மதுரகவியாழ்வார் அவரையே குருவாகக் கொண்டார். பாணர் குலத்தவரான திருப்பாணாழ்வார் திருவரங்கத்துக்குள் செல்லாமல், காவிரிக் கரையில் நின்றே அரங்கனைப் பாடி வந்தார். வழியை விட்டு விலகவில்லை என்று லோகசாரங்க முனிவர் அவர்மீது கல்லெறிந்தார் என்றும், பின்பு அரங்கனின் கட்டளைப்படி அவரைத் தமது தோளிலே சுமந்து சந்நிதிக்குக் கொண்டு சென்றார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அங்கே ஆழ்வார் பாடிய பத்துப் பாசுரங்களே அமலனாதிபிரான்.

இவ்வரலாற்றைக் கேட்டு நாம் மனம் உருகுகின்றோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடியார் ஒருவரை உள்ளே அழைத்து வருவதற்குப் பெருமாளே கட்டளையிட வேண்டியதாயிற்று. கட்டளை வராதிருந்தால் முனிவர் என்ன செய்திருப்பார்? நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்?

கட்டளைக்குக் காத்திராத ஒருவரின் வரலாறும் நம்மிடம் உண்டு. ஆளவந்தாரின் சீடருள் மாறனேரி நம்பி என்பவர் தாழ்ந்ததெனக் கருதப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் பரமபதம் அடைந்தபோது, இராமாநுசரின் ஆசாரியரான பெரிய நம்பிகள் தாமே முன்வந்து இறுதிக் கடன்களைச் செய்தார். அதற்காக உறவினர் அவரை ஒதுக்கி வைத்தனர். காரணம் கேட்ட இராமாநுசருக்கு அவர், சடாயு என்னும் பறவைக்கு இராமபிரானும், விதுரருக்குத் தருமபுத்திரரும் செய்ததை எடுத்துக் காட்டினார் என்பர்.

இறைவன் சந்நிதியில் எல்லோரும் சமம், வெளியே உலக வழக்கு வேறு என்று சிலர் வாதிப்பதுண்டு. பெரிய நம்பிகள் அவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை. அவர் செய்தது கருவறைக்குள் நடந்த காரியமன்று. ஒரு மகன் தந்தைக்குச் செய்யும் கடன் அது. பின்வந்த பிள்ளை லோகாசாரியரும் தமது ஸ்ரீவசனபூஷணத்தில், அடியாரின் பிறப்பை ஆராய்வதை மிகக் கொடிய குற்றமாகவே வைத்தார்.

ஆசாரியர்கள் சொல்லியும் ஊர் எளிதில் மாறவில்லை. மகாராட்டிரத்திலே பண்டரிபுரத்து விட்டலனைப் பாடிய சோகாமேளர், மகார் குலத்தவர் என்பதால் கோயிலுக்குள் அனுமதிக்கப்படவில்லை. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் மதில் இடிந்து இறந்தபின், நாமதேவர் அவருடைய எலும்புகளைக் கொணர்ந்து கோயில் வாயிலருகே அடக்கம் செய்தார் என்பது மரபு. அவருடைய அபங்கங்களை அடியார் கூட்டம் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தது. அவர் குலத்தவருக்கோ ஏறத்தாழ 600 ஆண்டுகள் கதவு திறக்கவில்லை. 1947ஆம் ஆண்டு மே மாதத்தில் சானே குருஜி உண்ணாநோன்பு இருந்த பின்னரே அக்கோயில் எல்லோருக்கும் திறந்தது. பாடலை உள்ளே வைத்துக்கொண்டு, பாடியவரின் மக்களை வெளியே நிறுத்தியவர்கள் பக்தியற்றவர்கள் அல்லர். நம்மைப் போலவே கைகூப்பி நின்றவர்கள்தாம். இதுவே நம்மை அச்சுறுத்த வேண்டிய செய்தி.

நமது ஆலயத்தின் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றது. ஆயினும் "எந்தப் பக்கம்?" என்று கேட்கப்பட்டவர் மறு வாரம் வராமற் போனால், கதவு திறந்திருந்து பயன் என்ன? மடைப்பள்ளியில் யார் கரண்டி பிடிப்பது, உற்சவத்தில் யார் உபயகாரர் என்பவற்றைத் தீர்மானிக்கும்போதும் அந்தக் கேள்வி நம் மனத்தில் ஒளிந்திருக்கின்றதா என்று நாமே சோதித்துப் பார்க்க வேண்டும். இந்நாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் இதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். திருப்பாணாழ்வார் கதையை நாம் சொல்லக் கேட்கும் அவர்கள், பந்தியில் நாம் பேசுவதையும் கேட்கிறார்கள்.

நமக்கும் ஒரு கட்டளை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வரும் சனிக்கிழமை புதியவர் ஒருவர் அருகில் அமர்ந்தால், இலையில் இன்னும் கொஞ்சம் புளியோதரை போடச் சொல்லி, "அடுத்த வாரமும் குடும்பத்தோடு வாருங்கள்" என்று கேட்டுக்கொள்வோமாக.