ஆளவி நகரத்து ஏழை உழவன்



பகவன் புத்தர் ஜேதவனத்தினின்றும் முப்பது யோசனைத் தொலைவு கடந்து ஆளவி நகரை அடைந்த வரலாற்றைத் தம்மபத உரை கூறுகின்றது. ஊரார் உணவளித்தனர். உண்டு முடிந்ததும் அறவுரைக்கு யாவரும் காத்திருந்தனர். பகவனோ வாய் திறவாது அமர்ந்திருந்தார். எவன்பொருட்டு அவர் வந்தாரோ அந்த ஏழை உழவன், காணாமற்போன எருதைத் தேடித் திரிந்துகொண்டிருந்தான். அவன் களைத்துப் பசித்து வந்து நின்றபோது, எஞ்சிய உணவு உண்டோவென வினவி, அவனை உண்பித்து, அவன் உடலும் உள்ளமும் ஆறிய பின்னரே பகவன் நான்கு வாய்மைகளை உரைத்தார். பிக்குகள் சிலர் இதனைக் குறித்து முணுமுணுத்தனராம். பசித்துன்பத்தில் இருப்பவனுக்குத் தம்மம் விளங்காது என்பதே அவர்கட்குக் கிடைத்த விடை.

இதனை யாம் பன்முறை மேடையில் சொல்லியிருக்கின்றோம். சொன்னோமேயன்றிக் கற்றோமில்லை.

தங்கவயலில் 2001-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்டபின், அங்குள்ளோர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து மீள்வதை நீங்கள் அறிவீர்கள். அவர்களுள் ஓர் இளைஞர் எம்மிடம் வந்தார். ஒரு வாரம் பகற்காவல், மறு வாரம் இரவுக்காவல். "ஐயா, தூக்கம் வரவில்லை, மனம் இருண்டு கிடக்கின்றது, வாழவே விருப்பமில்லை" என்றார். உண்டீரா என்று யாம் கேட்கவில்லை. சீலத்தில் தளர்ச்சியென்று கடிந்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் மூச்சினைக் கவனித்து அமருமாறு பணித்தோம். அவர் தலை குனிந்து சென்றார், பின்னர் வரவில்லை. இருபதாண்டு ஆலையில் இரவு முறை பார்த்து, பகலில் உறக்கமின்றி மனைவி மக்கள்மேல் சீறிய யாமே இதனைச் செய்தோம்!

அதன்பின்னரே நூல்களைத் தேடிப் படித்தோம். உடலானது தன் வெப்பத்தையும், குருதியின் சர்க்கரையையும், உறக்க விழிப்பையும் ஓயாது ஒழுங்கு செய்கின்றது. அச்சம் நேரின், சிறுநீரகங்களின் மேலமர்ந்த சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் பொருளைக் குருதியிற் கலக்கின்றன. ஆபத்து நீங்கியதும் அது தணியவேண்டும். கடனும் பசியும் இழிசொல்லும் நாள்தோறும் வந்தால் எவ்வாறு தணியும்? நெடுநாள் அவ்வாறிருப்பின், நினைவுக்குரிய மூளைப்பகுதியின் நரம்புக் கிளைகளே சுருங்குவதைப் புரூஸ் மெக்யூவன் விலங்குகளிடத்துக் கண்டார். அவரும் ஸ்டெல்லரும் 1993-இல் இத்தகைய தேய்மானத்திற்கு 'அலோஸ்டாட்டிக் சுமை' என்று பெயரிட்டனர். எண்ணெயிடாது ஓட்டிய கதிர் தேய்வதை ஆலைத் தொழிலாளர்க்கு யாம் சொல்லவேண்டுவதில்லை.

பசி மட்டுமன்று. இலண்டனில் 1967-இல் அரசு ஊழியராகிய ஏறத்தாழ 18,000 ஆடவரிடையே ஓர் ஆய்வு தொடங்கிற்று. எல்லோரும் மாதச் சம்பளக்காரர். ஆயினும் கடைநிலை ஊழியர், மேனிலையாரைவிட ஏறக்குறைய மும்மடங்கு இதயநோயால் மாண்டனர். புகைப்பழக்கம் முதலியன அதில் ஒரு பகுதியையே விளக்கின. 1985-இல் தொடங்கிய மறு ஆய்வில், தன் வேலையில் தனக்கென்று ஒரு சொல்லும் இல்லாதவர்க்கு மனச்சோர்வு மிகுதி என்றும் தெரிந்தது. அலுவலகப் படிக்கட்டே இவ்வளவு செய்யுமாயின், பிறப்பிலேயே கட்டிய படிக்கட்டு யாது செய்யாது?

மனநோய் முற்பிறப்பின் பயன் என்பார் நம்முள் இன்னும் உளர். ஏழ்மைக்கும் இழிவுக்கும் முன்வினையைக் காரணங்காட்டும் கொள்கையை அண்ணல் அம்பேத்கர், 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் மறுத்துள்ளார். அதனை வாங்கி மாலையிட்டு வைத்தோர் திறந்தும் பார்க்கலாம்.

மூன்று திங்கள் கழித்து யாமே அவ்விளைஞரைத் தேடிச் சென்றோம். ஒருவேளை உண்டு, மறுவேளைப் பணத்தை வட்டிக்குக் கட்டிக்கொண்டிருந்தார். எம் பிழையை அவர் தாயார் முன்னிலையில் ஒப்புக்கொண்டோம். சங்கத்தார் இருவர் மனநோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர்; மருந்து தொடர்கின்றது. மேற்பார்வையாளரிடம் மும்முறை நடந்து, பகல் முறை மட்டும் பெற்றோம். இப்போது உறங்குகின்றார். தியானம்பற்றி யாம் ஒன்றும் பேசவில்லை. சென்ற திங்கள் அவரே கேட்டார்.

வரும் பௌர்ணமி முதல் நம் விகாரையில் உணவு முதலிலும் உரை பின்னரும் நடைபெறும். இரவு முறை முடித்து வருவோர்க்குப் பின்னறையில் பாய் விரித்திருக்கும். உரை நடக்கையில் உறங்குவோரை எவரும் எழுப்பலாகாது. அரிசி தர விரும்புவோர் முன்னாள் மாலைக்குள் கொணர்க.