முடுக்குவதற்கு முன்

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே மெதுவாகச் சரிந்து விழுந்த பைக்கிலும் ஒரு குறை நேர்ந்துவிடும்: சக்கரம் நேராகப் போகும், ஹேண்டில்பார் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். பல சமயம் எதுவும் வளைந்திருக்காது; முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் கிளாம்புக்குள் முறுக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைப் பலங்கொண்ட மட்டும் திருப்பலாம் என்றுதான் முதலில் தோன்றும். போல்ட்டுகள் இறுகியிருக்கையில் அது சரிப்படாது, முறுக்கு உள்ளேயே தங்கிவிடும். விவரமறிந்த மெக்கானிக் கிளாம்ப் போல்ட்டுகளையும் ஆக்ஸிலையும் தளர்த்துவார். சக்கரத்தை நேர்படுத்தி, முன்பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை நாலைந்து முறை கீழே அமுக்குவார். இரண்டு குழாய்களும் தத்தம் இடத்தில் தாமே உட்காரும். அதன் பிறகே ஒவ்வொன்றாக முடுக்குவார். இதில் எவ்வளவு அவர் செய்தது, எவ்வளவு தானாக நேர்ந்தது?

உயிரின் மீட்சியைப் பற்றித் தமிழ்நாட்டு வைணவம் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட கேள்வியும் இதுவே. தாயின் வயிற்றைக் குரங்குக்குட்டி பற்றிக்கொள்வதுபோல உயிரும் தன் பங்குக்குப் பற்றவேண்டும் என்பது வடகலை. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல எல்லாம் இறைவன் செயல் என்பது தென்கலை. தென்கலையின் ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர் வழியில் சரணாகதியைக்கூட நம் சாதனமாக எண்ணலாகாது. அருளுக்குக் காரணம் தேவையில்லை. வடகலையின் ஆசாரியரான வேதாந்த தேசிகரோ, காரணம் அருளே ஆனாலும் உயிரிடமிருந்து ஒரு சிறு வியாஜம், ஒரு சாக்கு, வேண்டும் என்றார். என் கட்சி தேசிகர் கட்சி. தளர்த்தும் செயல் ஃபோர்க்கை நேராக்குவதில்லை. ஆனால் அது நடக்காமல் ஃபோர்க் நேராவதுமில்லை. முயற்சிக்கு உரிய இடமும் அளவும் அவ்வளவே. பகையையோ பயத்தையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டே மனதை அமைதிப்படுத்தப் பார்ப்பவர், போல்ட்டைத் தொடாமல் ஹேண்டிலைத் திருப்புகிறவர்தான்.

தென்கலையார் இதற்கு வலுவான மறுப்பு ஒன்றைச் சொல்லலாம்: ஃபோர்க் தன்னைத்தானே தளர்த்திக்கொள்வதில்லையே, ஸ்பேனர் பிடித்த கை வேறொருவருடையது அல்லவா? உண்மை. இரும்பைப் பொறுத்தவரை அவர்களே வென்றார்கள். மனிதரோ முறுக்கிய குழாயாகவும் இருக்கிறார், அதை இறுக்கிப் பிடித்த கையாகவும் இருக்கிறார். மன்னிக்க மறுப்பவரின் பிடியை அவருக்காக இன்னொருவர் விட்டுவிட முடியாது. சைவ சித்தாந்தி இன்னும் ஆழமாக இடிப்பார்: ஆணவ மலம் என்னும் அழுக்கு உயிரோடு அநாதியாகவே ஒட்டியிருக்க, தளர்த்தினால் நேராகும் இயல்பு எங்கிருந்து வந்தது? இதை எளிதில் தள்ளிவிட முடியாது. குழாயே வளைந்திருந்தால் எத்தனை முறை தளர்த்தி அமுக்கினாலும் பயனில்லை. கழற்றி, சமதளத்தில் உருட்டிப் பார்த்து, மாற்றத்தான் வேண்டும். அத்தகைய கோணல் உயிருக்கு உண்டென்றால், அந்த இடத்தில் தேசிகரின் சாக்கு போதாது. ஆனால் எது முறுக்கு, எது வளைவு என்பது போல்ட்டைத் தளர்த்திப் பார்க்காதவருக்குத் தெரிய வழியில்லை; சித்தாந்தியின் கேள்விக்கும் முதல் வேலை அதுவே.