சுவைக்காதவரின் தீர்ப்பு

தொலைக்காட்சிச் சமையல் போட்டிக்கு மற்றப் போட்டிகளில் இல்லாத ஒரு விசித்திரம் உண்டு. கிரிக்கெட் பார்ப்பவர் பந்து மட்டையில் பட்டதைத் தாமே காண்கிறார். பாட்டுப் போட்டி பார்ப்பவர் சுருதி விலகியதைத் தம் காதாலேயே கேட்கிறார். சமையல் போட்டியிலோ தீர்ப்புக்கு ஆதாரமான பொருள் நடுவரின் நாக்கோடு நின்றுவிடுகிறது. குழம்பில் உப்பு தூக்கலா, மீன் வேகவில்லையா என்பதெல்லாம் வீட்டில் இருப்பவருக்கு நடுவர் சொல்லித்தான் தெரியும். இருந்தும் எலிமினேஷன் நாளில் ரசிகர்களுக்கு வரும் கோபம் இங்கே குறைவதே இல்லை. ருசி பார்த்தவரின் தீர்ப்பை ருசி பார்க்காதவர் அநியாயம் என்று சொல்வதற்கு என்ன உரிமை? நீதி பற்றிய பழைய தத்துவச் சிக்கல்கள் சில இந்தச் சின்னக் கேள்விக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கின்றன.

நடுவரும் முழுவதையும் அறிந்தவர் அல்லர். அவர் முன் தட்டு வருகிறது. அடுப்படியில் நடந்தது பெரும்பாலும் வருவதில்லை. யார் நேரத்தை வீணாக்கினார், யாருடைய தாமதம் யார் தலையில் விடிந்தது என்பதைக் கேமரா காண்கிறது, அதன் வழியே பார்வையாளர் காண்கிறார். ஒருவர் ருசித்தார், பார்க்கவில்லை. மற்றவர் பார்த்தார், ருசிக்கவில்லை. விளைவுக்குச் சாட்சி நடுவர், செயலுக்குச் சாட்சி ரசிகர். ஆகவே ரசிகரின் குமுறல் ருசியைப் பற்றியதாக இருப்பது அபூர்வம். இந்தத் தண்டனைக்கு உரியவர் இவர்தானா என்பதே அவருடைய வழக்கு.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் ‘டாப் செஃப்’ நிகழ்ச்சியின் பத்தாவது பருவம். சியாட்டில் நகரில் நடந்த அந்தப் பருவத்தில் கிறிஸ்டன் கிஷ் தொடக்கத்திலிருந்தே முன்னணியில் இருந்தார். 2013 ஜனவரியில் ஒளிபரப்பான ‘ரெஸ்டாரன்ட் வார்ஸ்’ சுற்றில், குறுகிய காலத்துக்குள் ஒரு முழு உணவகத்தை அமைத்து நடத்தவேண்டும். கிஷ் தம் அணியின் தலைமைச் சமையல்காரர். அணியில் இருந்த ஜோசி, புயாபேஸ் என்னும் பிரெஞ்சு மீன் சூப்புக்கான முன்வேலையை உரிய நேரத்தில் முடிக்கவில்லை. பார்வையாளர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். நடுவர்கள் முன் நின்றபோது கிஷ் ஜோசியைக் காட்டிக்கொடுக்கவில்லை, தலைமை தம்முடையது என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார். வெளியேற்றப்பட்டவரும் அவரே. அன்று நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கி, வெளியேறும் ஒவ்வொருவரையும் வழியனுப்பும் வாசகத்தைச் சொல்லிவந்தவர் சென்னையில் பிறந்த பத்மா லட்சுமி. ரசிகர்களின் சீற்றத்தில் ஒரு பங்கு அவருக்கும் கிடைத்தது.

இந்த முடிவு சரியா? ‘டாப் செஃப்’ விதி எளிமையானது: இன்றைய தட்டு மட்டுமே கணக்கு. நேற்றுவரை வென்ற சுற்றுகள் இன்று கைகொடுக்காது. இந்த விதியின் கண்கொண்டு பார்த்தால் முடிவில் பெரிய குறை சொல்லமுடியாது. ஆனால் தகுதி என்பது ஒரு நாளில் அளக்கக்கூடியதா என்ற கேள்வி அந்த விதிக்கு வெளியே நிற்கிறது. ரசிகர் பருவம் முழுவதையும் ஒரே ஆட்டமாகப் பார்க்கிறார். விதி ஒவ்வொரு நாளையும் தனி ஆட்டமாகப் பார்க்கிறது. இரண்டும் நீதி பற்றிய நேர்மையான கருத்துகள்தாம். ஒன்றை வைத்து நடத்திய போட்டியை மற்றொன்றை வைத்து மதிப்பிடும்போதுதான் சண்டை வருகிறது.

பிறர் தவற்றுக்குத் தலைவர் பொறுப்பேற்பது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்துக்குப் பிறகு லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினார். தண்டவாளம் அரிக்கப்பட்டது அவர் குற்றம் என்று எவரும் கருதவில்லை. இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. குற்றமில்லாதவர் தாமாகப் பொறுப்பேற்றால் அது உயர்வு. அவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பையே சான்றாக வைத்து மற்றவர் அவரைத் தண்டித்தால், அந்த உயர்வுக்கே அபராதம் விதித்ததுபோல் ஆகிறது. கிஷ் விஷயத்தில் ரசிகர்களை உறுத்தியது இதுதான். சொல்லத் தெரியாமல் ‘அநியாயம்’ என்று சொன்னார்கள். சொன்னதில் பொருள் இருந்தது.

ஜான் ரால்ஸ் 1971ஆம் ஆண்டு வெளியான ‘நீதிக் கோட்பாடு’ நூலில் நடைமுறை நீதியை மூன்றாகப் பிரித்தார். முதல் வகைக்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே உணவுதான்: கேக்கை வெட்டுபவர் கடைசித் துண்டை எடுக்கவேண்டும் என்று வைத்தால், அவர் சமமாகவே வெட்டுவார். சரியான விளைவு எது என்பது முன்பே தெரியும், அதைத் தவறாமல் தரும் வழிமுறையும் கையில் இருக்கிறது. இரண்டாம் வகை குற்றவியல் விசாரணை. குற்றவாளி தண்டனை பெறவேண்டும், நிரபராதி தப்பவேண்டும் என்பது தெளிவு. ஆனால் அதை எப்போதும் உறுதிசெய்யும் வழிமுறை கிடையாது. மூன்றாவது சூதாட்டம். வழிமுறை ஒழுங்காக நடந்ததா என்பதற்கு அப்பால் சரியான விளைவு என்று தனியே எதுவும் இல்லை.

சமையல் போட்டி தன்னை முதல் வகையாகக் காட்டிக்கொள்கிறது: சிறந்த சமையல்காரரே வெல்வார் என்கிறது. உண்மையில் அது இரண்டாம் வகை. விதி மீறாமல் நடந்த விசாரணையிலும் நிரபராதி சிறைக்குப் போவதுண்டு என்பதுபோல, முறையாக நடந்த சுற்றிலும் தகுதியுள்ளவர் வீட்டுக்குப் போவதுண்டு. ‘விதிப்படி நடந்தது’ என்று நடுவர் சொல்வதும், ‘அவர் போயிருக்கக்கூடாது’ என்று ரசிகர் சொல்வதும் ஒரே நேரத்தில் மெய்யாக இருக்கமுடியும். இதைப் போட்டி நடத்துபவர்களும் அறிவார்கள். அதனால்தான் 2011இல் தொடங்கிய ஒன்பதாவது பருவத்தில் ‘லாஸ்ட் சான்ஸ் கிச்சன்’ என்ற மறுவாய்ப்பு வந்தது. மேல்முறையீட்டு மன்றம் போன்ற அந்த ஏற்பாட்டில் கிஷ் அடுத்தடுத்து வென்று திரும்பி வந்து, பட்டத்தையும் பெற்றார். மறுவாய்ப்புக்கும் ஒரு விலை உண்டு. ஒரு சுற்றிலும் தோற்காமல் இறுதிவரை வந்தவருக்கு எதிரே, தோற்று வெளியேறியவர் வந்து நிற்கிறார். வைல்டு கார்டு வழியாக யாராவது நுழையும்போதெல்லாம் எழும் முணுமுணுப்பு இதனால்தான்.

தகுதிக்கும் விளைவுக்கும் நடுவே அதிர்ஷ்டம் நிற்கிறது. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ஒரே அரங்கில் ‘ஒழுக்க அதிர்ஷ்டம்’ என்ற சிக்கலை முன்வைத்தார்கள். நம் கட்டுப்பாட்டில் இல்லாதவற்றுக்கு நம்மைப் புகழவோ பழிக்கவோ கூடாது என்று நம்புகிறோம். நடைமுறையில் எப்போதும் அதைத்தான் செய்கிறோம். 2014 ஆகஸ்டில் பிபிசியின் ‘கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ இதற்கு ஒரு பாடமே நடத்தியது. ஐஸ்கிரீமை உள்ளே வைத்துச் செய்யும் ‘பேக்டு அலாஸ்கா’ அன்றைய சோதனை. இயன் என்ற போட்டியாளரின் ஐஸ்கிரீமைச் சக போட்டியாளர் டயானா உறைபெட்டியிலிருந்து வெளியே எடுத்துவைத்ததை ஒளிபரப்பு காட்டியது. உருகியதைக் கண்டு கொதித்த இயன் முழுவதையும் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, நடுவர்களிடம் அந்தத் தொட்டியையே கொண்டுபோனார். வெளியேற்றப்பட்டார். ஊடக ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வரை புகார்கள் போயின.

நடுவர்களின் வாதம் சுருக்கமானது: ருசிக்க ஒன்றும் இல்லாதபோது எதை மதிப்பிடுவது? இந்த வாதம் வலுவானது. ஐஸ்கிரீம் உருகியது இயனின் கையில் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், மிஞ்சியதைத் தட்டில் வைப்பது அவர் கையில்தான் இருந்தது. நேர்ந்தது வேறு, நேர்ந்ததற்கு ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது வேறு. ஸ்டோயிக்குகள் தொடங்கிக் கீதை வரை பல மரபுகள் இந்தக் கோட்டைத்தான் கிழித்தன. இந்த வழக்கில் ரசிகர்கள் தோற்றார்கள் என்றே சொல்லவேண்டும்.

எனினும் அவர்களின் கோபத்துக்குப் பின்னால் சமயங்கள் வெகுகாலமாகக் கையாண்ட ஒரு பசி இருக்கிறது: நல்லது செய்தவருக்கு நல்லது நடக்கவேண்டும். நடக்காதபோது மனம் இரண்டில் ஒன்றைச் செய்கிறது. பாதிக்கப்பட்டவரிடம் ஒளிந்திருக்கும் குற்றத்தைத் தேடுகிறது, அல்லது கணக்கை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கிறது. விவிலியத்தின் யோபுவைத் தேடிவந்த நண்பர்கள் முதல் வழியைப் பிடித்தார்கள். துன்பப்படுகிறாய் என்றால் ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்றார்கள். கடைசியில் கடவுள் கடிந்துகொண்டது அந்த நண்பர்களைத்தான். வினைக்கோட்பாடு இரண்டாம் வழி. திருக்குறள் அறத்துப்பாலின் முடிவில் ஊழ் அதிகாரத்தை வைத்திருப்பது, அறத்தோடு வாழ்ந்தாலும் விளைவு நம் கணக்குப்படி வராது என்ற அறிவோடு அந்தப் பகுதியை முடிப்பதுபோல் இருக்கிறது. கிஷ் திரும்பி வந்து வென்றபோது ‘தர்மம் வென்றது’ என்று மகிழ்ந்தவர்கள் பலர். நியாயமான மகிழ்ச்சிதான், சான்றாக மட்டும் அது போதாது. திரும்பி வராமலே போன தகுதியாளர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ரசிகர்கள் நடுவரை ருசி விஷயத்திலேயே எதிர்கொண்ட வழக்கும் உண்டு. 2018இல் பிரிட்டனின் ‘மாஸ்டர் செஃப்’ போட்டியில், மலேசியாவில் பிறந்த ஸலேஹா காதிர் ஒல்பின் நாசி லெமாக்குடன் கோழி ரெண்டாங் சமைத்தார். கோழித்தோல் மொறுமொறுப்பாக இல்லை என்றார் நடுவர் கிரெக் வாலஸ். ரெண்டாங் என்பது தேங்காய்ப்பாலிலும் மசாலாவிலும் மெல்ல வெந்து குழைவது; அதில் மொறுமொறுப்புக்கு இடமே இல்லை. மலேசியா கொந்தளித்தது. தேர்தல் களத்தில் எதிரெதிரே நின்ற நஜிப் ரசாக்கும் மகாதீரும் இந்த ஒன்றில் ஒரே பக்கம் நின்றார்கள். இன்னொரு நடுவரான ஜான் டொரோட், ரெண்டாங் இந்தோனேசியாவுடையதாக இருக்கலாம் என்று எழுதி எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார்.

டேவிட் ஹ்யூம் 1757இல் எழுதிய சுவை பற்றிய கட்டுரையில் நல்ல நடுவருக்கு இலக்கணம் சொன்னார்: நுண்ணிய புலன், பயிற்சி, ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம், முன்முடிவு இல்லாமை. ரெண்டாங் வழக்கில் இல்லாமல் போனது மூன்றாவது. ஓர் உணவைப் பலமுறை, பலர் கையால் உண்டவரே அதன் நல்ல வடிவத்தை அறிவார். அந்தத் தட்டை ருசிக்காத கோடிப் பேர், அந்த வகை உணவை நடுவரைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். ருசி பார்க்காதவர் பேசலாமா என்ற கேள்விக்கு இங்கே பதில் ‘ஆம்’. ஆனால் எந்த அளவுக்கு? தாம் வறுக்கச் சொல்லவில்லை, கோழி சரியாக வேகவில்லை என்பதையே சொன்னதாக வாலஸ் பிறகு விளக்கினார். அளவுகோல் தவறு என்று சொல்ல மலேசியர்களுக்கு முழுத் தகுதி இருந்தது. அன்றைய கோழி வெந்திருந்ததா என்று சொல்ல இருக்கவில்லை.

தமிழில் 2019 முதல் விஜய் டிவியில் வரும் ‘குக்கு வித் கோமாளி’ இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறது. சமைக்கத் தெரியாத கோமாளி ஒருவர் ஒவ்வொரு சமையல்காரருக்கும் ஜோடியாகிறார். அதனால் வரும் இடைஞ்சல் விளையாட்டின் பகுதி என்பது முன்பே தெரிந்தது. அறிவித்துவிட்ட அதிர்ஷ்டத்தில் அநீதி குறைவு. அங்கேயும் வெளியேற்ற நாளில் சர்ச்சை வரத்தான் செய்கிறது. சேனலுக்கு வேண்டியவர் தங்கினார் என்ற சந்தேகமாகவே அது பெரும்பாலும் வெளிப்படுகிறது.

இந்தச் சந்தேகம் வெறும் கற்பனை அல்ல. 1950களில் அமெரிக்காவின் ‘ட்வென்டி ஒன்’ வினாடிவினாவில் போட்டியாளர்களுக்கு விடைகள் முன்கூட்டியே தரப்பட்டன. 1959இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சார்லஸ் வான் டோரன் அதை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு இத்தகைய மோசடியைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பேசுவது அறிவு, அறிவுத்திறன், அதிர்ஷ்டம் சார்ந்த போட்டிகளைப் பற்றி. சமையல் இதில் அடங்குமா என்பது வாதத்துக்கு உரியது. ‘டாப் செஃப்’ முடிவில் ஓடும் சிறு எழுத்துகள், முடிவுகள் தயாரிப்பாளர்களுடன் கலந்து எடுக்கப்பட்டவை என்றும், சில வெளியேற்றங்கள் சேனலுடன் பேசப்பட்டவை என்றும் தெரிவித்தன. ஒளிவுமறைவில்லாத அறிவிப்பு என்று இதைப் பாராட்டலாம். போட்டி என்ற சொல் தரும் வாக்குறுதியை அது கொஞ்சம் திரும்பப் பெறுகிறது என்பதும் உண்மை.

முடிவில் கை வைக்காமலே நீதியுணர்வைத் திருப்ப இன்னொரு வழி இருக்கிறது: படத்தொகுப்பு. ஆடம் ஸ்மித் 1759இல் ஒழுக்கத் தீர்ப்புக்கு அளவாக ‘பாரபட்சமற்ற பார்வையாளரை’ வைத்தார். எந்தப் பக்கமும் சேராத அந்தக் கண் எல்லாவற்றையும் காணவேண்டும். பல மணி நேரப் பதிவு ஒரு மணி நேரமாக வெட்டப்படும்போது அது நடப்பதில்லை. டயானா ஐஸ்கிரீமை வெளியே வைத்த காட்சியைக் கண்ட மக்கள் அவரைச் சமூக ஊடகங்களில் வசைபாடினார்கள். ஐஸ்கிரீம் வெளியே இருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய சூ பெர்கின்ஸ் பிறகு சொல்லவேண்டியிருந்தது. அந்த நேரக்கணக்கு திரையில் இல்லை. ஆஃப்காம் விசாரணை எதுவும் தொடங்கவில்லை.

கிஷ் வழக்கில் ரசிகர்கள் கண்டதும் இதே வகைச் சான்றுதான். விதியையும் நடுவரின் அளவுகோலையும் கேள்வி கேட்க அது போதும். அவை வெளிப்படையாக வைக்கப்பட்டவை, பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களும் இருக்கிறார்கள். சக போட்டியாளர் ஒருவரின் நெஞ்சில் என்ன இருந்தது என்று தீர்ப்பெழுத, வெட்டி ஒட்டிய காட்சி போதாது.