வள்ளல் வேண்டா, கணக்கு வேண்டும்!

தெரு முனையிலே ஒரு பலகை. பலகையிலே ஒரு படம். படத்தின் கீழே ஒரு பெயர். பெயரின் கீழே, இத்தெருவுக்கு விளக்குகள் வழங்கியவர் என்றோர் வரி. வட்டத்து நகர்மன்ற உறுப்பினரின் பெருமை அது! தமிழகத்து நகரங்களில் இத்தகைய பலகைகளைக் காணாத கண்கள் இரா. கண்டு கடந்து போகிறோம். கடந்து போகாமல், தோழர்களே, அந்த ஒரு சொல்லின் முன் சற்று நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வழங்கியவர்! அந்தச் சொல்லிலே ஒரு அறக்கேள்வி ஒளிந்து கொண்டிருக்கிறது.

வழங்குவது என்றால் என்ன? தன்னுடையதைத் தன் விருப்பால் பிறர்க்குத் தருவது. முல்லைக்குத் தேர் தந்தான் பாரி. மயிலுக்குப் போர்வை தந்தான் பேகன். தேர் பாரியுடையது, போர்வை பேகனுடையது. தராமல் இருந்திருந்தாலும் அவர்களை எவரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்க முடியாது. ஆகவேதான் அவர்கள் வள்ளல்கள்.

தெருவிளக்கு யாருடையது? உறுப்பினர் தம் பாட்டன் சொத்தை விற்று வாங்கி வந்ததா? அன்று! வீட்டுக்கு வரி கட்டியவன் பணம். குடிநீருக்குக் கட்டணம் செலுத்தியவள் பணம். சொந்த வீடே இல்லாத கூலிக்காரன், கடையிலே வாங்கும் சவர்க்காரத்திலும் தீப்பெட்டியிலும் சேர்த்துக் கொடுத்த வரிப்பணமும் அதிலே உண்டு. அவரவர் பணத்தை அவரவர் தெருவுக்கே செலவிட்டுவிட்டு வழங்கினேன் என்று கூறுவது எதைப் போன்றது? வங்கியிலே நாம் இட்ட பணத்தை நம்மிடம் எண்ணித் தரும் எழுத்தர், இதோ என் கொடை என்று கூறுவதைப் போன்றது! எழுத்தர் அப்படிக் கூறினால் சிரிப்போம். உறுப்பினர் கூறினால் மாலை சூட்டுகிறோம்! இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது?

மன்னனாட்சியின் மிச்சத்திலிருந்து வந்தது. ஆள்பவன் தருபவன், ஆளப்படுபவன் பெறுபவன். அவன் உயரத்திலே, இவன் தாழ்விலே. முடி போயிற்று, முடிக்கு வணங்கிய முதுகு மட்டும் இன்னும் நிமிரவில்லை. வாக்குச் சீட்டால் நாம் அமர்த்திய ஊழியரை, வள்ளல் என்று வாழ்த்தும்போதெல்லாம் உடைமைக்காரன் இரவலனாகிறான், ஊழியன் உடைமைக்காரனாகிறான். ஒரு சொல்தான், ஆனால் உலகத்தையே தலைகீழாக்கும் சொல்.

மறுப்புரை ஒன்று வருவதை அறிவேன். "அவர் அலைந்தாரே, அலுவலகப் படி ஏறி இறங்கினாரே, அதற்கு நன்றி கூறுவது பண்பன்றோ?" என்பர். பண்புதான். நன்றி கூறுவதை நான் தடுக்கவில்லை. உழைப்புக்கு நன்றி கூறுவது வேறு. உடைமைக்கு நன்றி கூறுவது வேறு. நமது வீட்டைக் கட்டிய கொத்தனாருக்கு நன்றி கூறுகிறோம். ஆனால் செங்கல் எத்தனை, சிமெண்டு எத்தனை மூட்டை என்று கேட்ட பிறகுதான் கூறுகிறோம். கணக்கின் பின்னே வரும் நன்றி பண்பு. கணக்கை விழுங்கிவிட்டு வரும் நன்றி அடிமைத்தனம்.

கணக்குக் கேட்பது அயல்நாட்டாரிடம் கற்ற புதுப்பழக்கமும் அன்று. உத்திரமேரூர்க் கோயிற் சுவரிலே, முதற் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 919 முதல் 921 வரையிலான ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. 30 குடும்புகள் - இன்றைய பேச்சில் 30 வட்டங்கள். ஓலையிலே பெயர் எழுதிக் குடத்திலே இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் தேர்ந்தனர். பதவிக் காலம் 360 நாள். அதிலே ஒரு விதி: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் நிற்கலாகாது; அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்கலாகாது! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கணக்குக் காட்டாதவனின் மைத்துனனுக்கும் கதவடைத்த ஊர் அது.

பெருமைதான். ஆனால் பெருமை பேசுவோர் பாதிக் கல்வெட்டைத்தான் படித்துக் காட்டுவர். மீதியை நாம் படிக்க வேண்டும். கால் வேலி நிலமாவது உடையவனாக இருக்க வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். வேதம் கற்றவனாக இருக்க வேண்டும். அரை வேளை உண்டவனும் இல்லை அந்தக் குடத்தில். ஏர் பிடித்தவன் பெயரும் இல்லை. எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. ஏரியை வெட்டிய கை ஒன்று. ஏரியின் கணக்கைக் கேட்ட வாய் வேறொன்று. நல்ல விதி, நாலு பேருக்கு மட்டும் என்று இருந்தது. அந்த விதியை எல்லோருக்கும் உரியதாக்குவதுதான் நம் காலத்தின் வேலை.

அந்த வேலை மெல்ல மெல்ல நடந்து வந்திருக்கிறது. 1882-இல் ரிப்பன் பிரபு தலத்தாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டபோது, நிர்வாகம் சீர்ப்படும் என்பதைவிட, மக்கள் அரசியற் கல்வி பெறுவர் என்பதையே முதற் பயனாகக் குறித்தார். 1992-இல் நிறைவேறிய அரசியற் சட்டத்தின் 73, 74-ஆவது திருத்தங்கள் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தலையும், பெண்டிர்க்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் இடஒதுக்கீட்டையும் உறுதி செய்தன. தகவல் அறியும் உரிமைக்கு 1997-இலேயே சட்டம் கண்டது தமிழகம். இந்தியா முழுமைக்குமான சட்டம் 2005-இல் வந்தது. சிற்றூர்களிலே ஆண்டுக்கு நான்கு நாள் கூடிவந்த கிராம சபை, 2022-இல் ஆறு நாளாயிற்று. நகரத்தாருக்கு அத்தகைய அவை இல்லை என்ற குறையும் அவ்வாண்டே நீங்கத் தொடங்கிற்று: 2022 பிப்ரவரி 19-இல் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது, அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் பகுதி சபைகள் கூடின. வட்டத்து உறுப்பினர் மக்கள் முன் அமர்ந்து, நடந்ததைக் கூறி, நடக்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடம் அது.

அவை கிடைத்துவிட்டது. ஆனால் அவையிலே ஒலிப்பது கணக்கா, கச்சேரியா? இங்கேதான் இரண்டாவது அறக்கேள்வி எழுகிறது. உறுப்பினர் கூறுவது அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம்: இத்தனை விளக்கு, இத்தனை குழாய், இத்தனை அடி சாலை. ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆயினும் அந்த அறிக்கை முழுவதும் பொய்யாக இருக்கக்கூடுமா?

இருக்கக்கூடும். பள்ளியிலே பணியாற்றும் எவரும் இதை எளிதில் உணர்வர். தேர்ச்சி அறிக்கையை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சிறுவன், மதிப்பெண்ணைத் திருத்துவதில்லை. தாளை மடித்துக் காட்டுகிறான்! தமிழில் எழுபது தெரிகிறது. கணக்கில் பதினெட்டு மடிப்புக்குள் இருக்கிறது. காட்டியது உண்மை; மடித்தது பொய். சிறுவனின் மடிப்பால் கெடுவது ஓர் ஆண்டுப் படிப்பு. உறுப்பினரின் மடிப்பால் கெடுவது என்ன?

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். "வட்டத்தின் கழிவுநீர்க் கால்வாய்கள் யாவும் தூர் அகற்றப்பட்டன" - அறிக்கையில் ஒரு வரி. கைதட்டுகிறோம். எப்படி அகற்றப்பட்டன? இயந்திரத்தாலா, இடுப்பிலே கயிறு கட்டி இறக்கப்பட்ட மனிதனாலா? மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளச் செய்வதை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழியில் ஆளை இறக்குவதையே குற்றமாக்கிற்று. குழியிலே மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அதை முப்பது இலட்சமாக உயர்த்திற்று. இழப்பீட்டுத் தொகையை உயர்த்த வேண்டிய நிலை வந்ததென்றால், சாவு நிற்கவில்லை என்றுதானே பொருள்! தெரு தூய்மையாயிற்று என்ற வரி உண்மை. அந்தத் தூய்மைக்கு எந்தச் சாதியின் மூச்சு விலையாயிற்று என்பது மடிப்புக்குள்! சொன்னது சுண்டைக்காய், சொல்லாதது உயிர்.

ஆகவே அறிக்கையின் நேர்மையை அளக்கும் கோல் சொன்னவற்றில் இல்லை. சொல்லாமல் விட்டவற்றில் இருக்கிறது. எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று, ஒப்பந்தக்காரர் எவர், எந்நாள் முடிய வேண்டியது, ஏன் முடியவில்லை, எந்தத் தெரு விடுபட்டது, ஏன் அந்தத் தெரு - இந்த வினாக்களுக்கு விடை தருவது கணக்கு. தராதது கச்சேரி.

உறுப்பினர் பக்கத்து வாதத்தையும் நாம் நேர்மையுடன் கேட்க வேண்டும். "குறைகளை நானே கூறினால் எதிர்த்தரப்பு அதைக் கொடியாகப் பிடித்துக்கொள்ளும், மக்கள் நம்பிக்கை இழப்பர், நகராட்சியிலே நிதி இல்லையென்றால் நான் என்ன செய்வேன்?" இது வெறும் சாக்கு அன்று. நிதியையும் அதிகாரத்தையும் மேலே வைத்துக்கொண்டு பழியை மட்டும் கீழே இறக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பழியை முதலில் சுமப்பவர் வட்டத்து உறுப்பினரே. ஆனால் இந்த வாதம் மறைப்பதற்கா துணை நிற்கிறது? சொல்வதற்கே துணை நிற்கிறது! நிதி இல்லை என்று மக்களிடம் சொன்னால்தான், நிதி ஏன் இல்லை என்று மக்கள் மேலே கேட்பர். மறைத்தால், அவர் தனியாள். சொன்னால், அவர் பின்னே ஒரு வட்டமே நிற்கும். காய்ச்சலை மறைத்து நோயாளியின் நம்பிக்கையைக் காக்கும் மருத்துவர் எத்தனை நாள் காப்பார்? 2015 திசம்பரில் சென்னை மூழ்கியதே! மழை இயற்கை, நீர்நிலையிலே கட்டடம் எழுப்பியதும் வடிகாலை அடைத்ததும் மனிதர் செயல். மறைத்து வைத்த குறைகளை வெள்ளம் வீட்டுக்குள்ளேயே வந்து அறிவித்தது. தலைவிதி என்றனர் சிலர். விதி அன்று, தோழர்களே; கேட்கப்படாத கணக்கு!

இனி, இந்த அவையிலே பேசும் உரிமை யாருக்கு என்ற கேள்வி. மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சி, தாழ்த்தப்பட்டோர்க்கென ஒதுக்கப்பட்டது. அதன் தலைவராக 1996-ஆம் ஆண்டின் இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டார் முருகேசன். 1997 சூன் 30-ஆம் நாள் அவரும் உடன் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர் செய்த குற்றம், தேர்தலில் வென்றது! பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில், ஒதுக்கப்பட்ட தலைவர் இருக்கையிலே ஒருவர் முறையாக அமர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணக்குக் கேட்கும் உரிமையைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கணக்குச் சொல்லும் இடத்திலே அமர்வதற்கே உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்! அந்த இருக்கை அவ்வளவு விலை பெற்றது. அதிலே அமர்ந்துகொண்டு அரை அறிக்கை வாசிப்பது, அந்தக் குருதிக்குச் செய்யும் இழிவு.

பெண்களின் நிலை என்ன? தமிழகத்து உள்ளாட்சிகளில் அவர்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் ஆயிற்று. சட்டம் கொடுத்த நாற்காலியிலே அவர் அமர்ந்திருக்க, ஒலிவாங்கியைக் கணவர் பிடித்துக்கொள்ளும் காட்சியும் உண்டு. வாக்குக் கேட்டபோது அவர் பெயர். வட்டத்தை ஆளும்போது இவர் வாய்! கணவர் பேசத் தொடங்கினால், அவையிலிருந்து எழுந்து, "நாங்கள் தேர்ந்தது அம்மையாரை, விடையை அவரிடமிருந்தே கேட்க விரும்புகிறோம்" என்று அடக்கத்தோடு கூறும் ஓர் இளைஞன் போதும். அது அவமதிப்பு அன்று. அந்த அம்மையாருக்குச் செய்யும் முதல் மரியாதை.

முழுப் பழியையும் மேடைமீதே ஏற்றிவிட்டு நாம் வீடு திரும்பலாமா? கூடாது. வாக்குக்குக் கைநீட்டிப் பணம் பெற்றவன், கணக்குக் கேட்க வாய் திறக்க இயலாது. விற்ற பொருளுக்கு உரிமை ஏது? என் வீட்டு வாசலில் விளக்கு எரிந்தால் போதும், கடைசித் தெரு இருண்டால் எனக்கென்ன என்பவனும் குடிமகன் அல்லன். அவன் வெறும் வாடிக்கைக்காரன். வரிசையிலே முதலில் நிற்பவனின் கோரிக்கையைக் கொண்டு வட்டத்தை அளக்கலாகாது. குழாய் கடைசியாகப் போய்ச் சேரும் சேரியிலே நின்று அளக்க வேண்டும். அங்கே தண்ணீர் வந்தால் எங்கும் வந்தது என்று பொருள்.

ஆகவே, பகுத்தறிவு பேசும் இளைஞனே, உனக்கு ஒரு வேலை இருக்கிறது. கடவுளைக் கேள்வி கேட்கும் துணிவு பெற்ற நீ, நகர்மன்ற உறுப்பினரைக் கேள்வி கேட்க ஏன் கூச வேண்டும்? அடுத்த அவைக்குச் செல். கூச்சலிட அன்று, குறிப்பேடு ஒன்றும் எழுதுகோல் ஒன்றும் கொண்டு செல். சென்ற முறை கூறியதை எழுதி வை. இந்த முறை கூறுவதோடு ஒப்பிடு. விடுபட்ட தெருவின் பெயரை உரக்கச் சொல். குழியிலே இறங்கியவர் யார் என்று கேள். நல்லது நடந்திருந்தால் அதையும் அதே நேர்மையோடு எழுது. குறை காண்பதே தொழில் என்றிருப்பதும் ஒருவகை மடித்த தாள்தான். கணக்குக் கூறிய உறுப்பினரை, அவர் எக்கட்சியினராயினும், எழுந்து நின்று பாராட்டு.

வள்ளலை வாழ்த்தி வாழ்ந்த காலம் முடிந்தது. ஊழியரை மதித்து, கணக்கைக் கேட்டு, கடைசித் தெருவின் சார்பிலே பேசுகின்ற காலம் தொடங்கட்டும். கேட்பவன் பகைவன் அல்லன். கேளாதவனே ஊருக்குப் பகை!